உருத்திரபுரத்துக் காணிக்குத் திரும்பிப் போன கதை

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. 2015 ஐப்பசியில் கொழும்பு வேலையை விட்டுவிட்டு, கிளிநொச்சி உருத்திரபுரத்தில் கிடந்த அம்மப்பாவின் காணிக்குப் போனேன். 2023இல் காணிக் கடதாசி கைக்கு வரும்வரை திரும்பக் கிடைக்காமல் போனது 3,60,000 ரூபாய்க்கு மேல். வேலி, கிணறு, மோட்டருக்குப் போட்டது இதில் இல்லை, அது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. போனதில் பாதியாவது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியிருந்தால் மிஞ்சியிருக்கும். வன்னியில் பேரன் பேர்த்திமார் இப்படித் திரும்பிப் போக நினைப்பது எனக்குத் தெரியும், மாதம் ஒருவராவது என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் காணிக் கதை என்றால் அது அம்மப்பாவின் வீரக் கதை. வடமராட்சியில் நான்கு பரப்புத் தோட்டத்தை வைத்துக்கொண்டு ஆறு பிள்ளைகளை வளர்க்க முடியாமல் திண்டாடினவர். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் என்பதை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆட்கள் அதிகம், காணி இல்லை, வேலை இல்லை என்றுதான் 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத்தையே தொடங்கினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இருந்தது, காடு இருந்தது, வெட்டத்தான் ஆள் தேவை. அம்மப்பா போனது பிந்தி, 1954இல். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட்டில், அதாவது அரச காணியைச் செய்யத் தரும் அனுமதிப் பத்திரத்தில், கிடைத்தன. முதல் வருடம் ஆண்கள் மட்டும்தான் போனார்கள். மலேரியாப் பயம். டீ.டீ.ரீ. அடிக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம் ஆகியிருந்தாலும் 'வன்னிக் காய்ச்சல்' என்ற சொல்லுக்கே யாழ்ப்பாணத்துப் பெண்கள் நடுங்கின காலம் அது. அம்மம்மா அடுத்த வருடம் ரயிலேறி ஆனையிறவு தாண்டிக் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது வீடு என்று இருந்தது ஒரு கொட்டிலும் மரத்தின் மேல் ஒரு பரணும்தானாம். பன்றிக்கும் யானைக்கும் இரவிரவாகத் தகரம் தட்டுவது, பகலில் வெட்டுவது, வெட்டினதைக் காயவிட்டு எரிப்பது. இன்றைக்கு என் வயல், நாளைக்கு உன் வயல் என்று பத்துக் குடும்பம் மாறி மாறி உழைத்திருக்கிறது. ஒருவரும் தனியாகச் செய்யவில்லை. நான் கதை கேட்டபோது இந்த இடத்தைக் கவனிக்கவில்லை. அம்மப்பா வெட்டினார், அம்மப்பா எரித்தார், அம்மப்பா கட்டினார் என்றுதான் காதில் விழுந்தது.

எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய் வெங்காயம் வராமல் கட்டுப்பாடு இருந்தபோது மேட்டுக்காணியில் மிளகாய் போட்டு, அந்தக் காசில் 1975இல் கல்வீடு கட்டினார். ஊரில் அதை 'மிளகாய் வீடு' என்பார்களாம். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிட, விலை விழுந்தது, மேல் வீடு கட்டவில்லை. படி மட்டும் ஏறி வானத்தைப் பார்த்து நின்றது. 1987இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு வயலைச் செய்தது என் அம்மா. 96இல் ஓடி, 2002 சமாதானத்துக்குப் பிறகு வந்து, 2008 கடைசியில் திரும்பவும் ஓடி, செட்டிகுளம் முகாமில் இருந்து வவுனியாவில் ஒரு வாடகை அறைக்குப் போய்ச் சேர்ந்தார். 'காணி கிடக்குது பிள்ளை, காணி கிடக்குது' என்று அவர் சொல்லிச் சொல்லித்தான் நான் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் காணி தெரியவில்லை. வீட்டின் ஒரு சுவரும் அந்தப் படியும் மிச்சம். மற்றதெல்லாம் நாயுண்ணி, விடத்தல், இப்பில் இப்பில், பார்த்தீனியம். அறுபது வருடத்துக்கு முன் அவர் பார்த்த காடு இது இல்லை, ஆனால் எனக்குள் ஒரு பெருமை எழும்பியது, உண்மையைச் சொல்கிறேன், நானும் அம்மப்பா மாதிரி வெட்டி எரிக்கப் போகிறேன் என்று. ஆள் பிடித்து வெட்டினோம், 85,000 ரூபாய் முடிந்தது. பின்பக்கத்தில் குவித்து நெருப்பு வைத்தோம். கால்மணி நேரத்தில் குவியலுக்குள் ஏதோ வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் பரல் மட்டும் ஓட்டையாகிப் போனது. எனக்குக் கை நடுக்கம் இரண்டு நாள் நிற்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான், திரும்பி வரவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணிவெடி அகற்றி மீள்குடியேற்றத்துக்கு விட்ட பகுதிதானே என்று நினைத்திருந்தேன். பிறகு வரைபடத்தை வாங்கிப் பார்த்தால், வீட்டைச் சுற்றியும் ஒழுங்கையும் வயல் பக்கமும்தான் அதில் அடங்கியிருந்தது, பின் ஒரு ஏக்கர் கோட்டுக்கு வெளியே. ஊர் துப்புரவாக்கப்பட்டது என்றால் உங்கள் காணியின் எல்லா மூலையும் துப்புரவாக்கப்பட்டது என்று பொருள் இல்லை. கத்தி வைப்பதற்கு முன் மிதிவெடி செயற்பாட்டு அலுவலகத்தில் போய் உங்கள் காணி கோட்டுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் அவர்களே வந்து பார்ப்பார்கள், காசு இல்லை. எனக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டி வந்தது, காத்திருந்தேன். மற்றது, வெட்டினதை எரிக்காதீர்கள். பழைய கிணற்றைத் தெரியாமல் இறைக்கவும் வேண்டாம், கிணற்றுக்குள்ளும் வெடிபொருட்களைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். பெரியவர்கள் செய்த மாதிரியே செய்ய ஆசை வரும். அவர்களுக்கு மண்ணுக்குள் வேர் மட்டும்தான் இருந்தது.

2016 காலபோகம், அதாவது மாரி மழைப் போகம், என் முதல் விதைப்பு. புழுதியில் விதைத்தேன், எல்லோரும் அப்படித்தான் விதைத்தார்கள். ஐப்பசியில் ஒரு மழை, முளைத்தது, அப்புறம் வானம் மூடிக்கொண்டது. அந்த வருடம் நாடு முழுவதும் வறட்சி, நான் மட்டும் பட்டது இல்லை. ஆனால் பக்கத்தில் சிலர் கொஞ்சமாவது வெட்டினார்கள், எனக்கு மூன்று ஏக்கரில் ஒன்பது மூடை. செலவு 1,32,000, நெல் விற்று வந்தது 22,000. ஏன் அந்த வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை. எங்கள் வயல் வாய்க்காலின் வால்பக்கம். மேலே இருப்பவர்கள் எல்லோரும் எடுத்து மிச்சம்தான் எங்களுக்கு வரும், அதுவும் இரவில் வரும். இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் நேற்று நான் திறந்த வாயை யாரோ மண் போட்டு அடைத்திருப்பார்கள். சண்டை பிடித்தேன், கத்தினேன், ஒரு நாள் வரம்பில் உட்கார்ந்து அழுதேன். கமக்காரர் அமைப்பில் சேர்ந்து கூட்டத்துக்குப் போயிருந்தால் தண்ணீர் முறை எழுதித் தந்திருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பொம்பிளைப் பிள்ளை கூட்டத்துக்குப் போய் என்ன செய்வது என்று நானே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன், யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் போகவில்லை.

அதே பிழையை 2018 சிறுபோகத்தில், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற வெயில்காலப் போகத்தில், இன்னொரு விதமாகச் செய்தேன். சிறுபோகத்தில் வயல் உங்களுடையது என்பதற்காகத் தண்ணீர் முழுக்க உங்களுடையது ஆகாது. குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் வைத்து இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்று தீர்மானிப்பார்கள், அதை அமைப்பு பங்கு பிரிக்கும். கூட்டத்துக்கு முன்பே உழவு மெசின் மலிவாகக் கிடைத்தது என்று நான் மூன்று ஏக்கரையும் உழுதுவிட்டேன். எனக்கு வந்த பங்கு ஒரு ஏக்கர். மற்ற இரண்டு ஏக்கர் உழவுக் கூலி 16,000 புல்லுக்குப் போனது. ஆகவே வயலில் இறங்குகிறவர்கள் முதலில் கமநல சேவை நிலையத்தில் பெயரைப் பதிந்து ஏக்கர் வரியைக் கட்டி, அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். உரமானியம், பயிர்க் காப்புறுதி, நட்டஈடு எல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வரும், பேர்மிட்டைப் பார்த்து இல்லை. நான் 2016இல் பதியாமல் இருந்ததால் வறட்சி நிவாரணப் பட்டியலிலும் இல்லை. நீங்கள் இல்லாத நேரம் வயலை யாருக்காவது குத்தகைக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு இடாப்பில் யாருடைய பெயர் ஏறியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு வந்த ஒருவர் பத்து வருடமாக இன்னும் அலைகிறார்.

இதற்கு நடுவில், 2017 மார்கழியில், காய்ச்சல். வயலுக்குள் நின்று களை பிடுங்கிவிட்டு வந்தேன், உடம்பு முழுக்க நோ, சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் பரசிற்றமோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தனியாக இருப்பதன் கெடுதல் இதுதான், கண் சிவந்திருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி, சலம் தேத்தண்ணி நிறத்தில் போனது. பக்கத்துக் காணி அண்ணைதான் வந்து பார்த்துவிட்டு 'இது எலிக்காய்ச்சல் தங்கச்சி, எழும்புங்க' என்று முச்சக்கர வண்டியில் ஏற்றினார். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டொக்டர். வயலில் இறங்குகிற காலத்தில் வாரம் ஒரு முறை போடுகிற தடுப்பு மாத்திரை இருக்கிறது, டொக்சிசைக்கிளின், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சும்மா தருகிறார்கள். காலில் காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். அம்மப்பா காலத்து மலேரியா போய்விட்டது, 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் கொடுத்தது. ஆனால் வயல் இன்னொரு காய்ச்சலை வைத்திருக்கிறது.

2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. குடலைப் பருவத்தில் நின்ற பயிர் ஒரே இரவில் தண்ணீருக்குள் போனது. 1,50,000 போட்டு 60,000 எடுத்தேன். அந்த முறை பெயர் பதிந்திருந்ததால் ஏதோ கொஞ்சம் நட்டஈடு பிந்திப் பிந்தி வந்தது, அதில் வேலியை எழுப்பினேன். 2021இல் யூரியா இல்லை என்றபோது எல்லோரும் பயந்தோம், அந்தக் காலபோகத்தில் ஏக்கருக்குப் பாதிதான் விளைந்தது, ஆனால் நெல் விலை ஏறினதால் கணக்குக் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக வந்தது. ஊர் முழுக்க அழுத வருடத்தில் எனக்கு நட்டம் வரவில்லை, அதை வெளியில் சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஒன்று மட்டும், சுனாமி மெசின் என்கிற அறுவடை மெசின் வெட்டினவுடன் வயல்வரம்பிலேயே வந்து நிற்கிற லொறிக்குப் பச்சையாகக் கொடுத்துவிடாதீர்கள். நெல் சந்தைப்படுத்தும் சபையின் முழு விலை ஈரப்பதம் பதினாலு வீதத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும், அதனால்தான் நெல்லைக் காயவைக்கத் தறப்பாள் இல்லாதவர்கள் வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். நல்ல தறப்பாள் இரண்டு வாங்கினால் ஒரே போகத்தில் அந்தக் காசு திரும்பிவிடும்.

இனிக் கடதாசி. உடம்பையும் காசையும்விட என்னைத் தின்றது இதுதான், ஏழு வருடம் தின்றது. எங்களிடம் மூலப் பேர்மிட் இல்லை, 2009இல் எங்கேயோ விழுந்துவிட்டது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் பழைய பேரேடும் இல்லை. அம்மா 1978இல் தண்ணீர் மோட்டர் வாங்கக் கடன் எடுத்தபோது பேர்மிட்டின் பிரதி ஒன்று எடுத்ததாக நினைவு என்று சொன்னார், வவுனியாவில் பெரியம்மா வீட்டு ரங்குப்பெட்டியில் அது கிடைத்தது. கிடைத்த பிறகுதான் உண்மையான பிரச்சினை. அம்மப்பா பின்னுரித்தாளர் என்று, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர் என்று, ஒருவரையும் பதியவில்லை. அம்மம்மா இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவருக்குப் பிறகு? காணி அபிவிருத்திச் சட்டத்தின் அப்போதைய அட்டவணைப்படி ஆண் பிள்ளைக்கு முதலிடம், அதிலும் மூத்தவருக்கு. மூத்த மாமா 1979இலேயே கனடாவுக்குப் போனவர், மண்வெட்டி பிடித்த ஆள் இல்லை. முப்பது வருடம் அந்த வயலில் நின்றது என் அம்மா. இதை ஒரு அலுவலகத்தில் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 'உங்கட வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ, அவையளை வரச் சொல்லுங்கோ' என்றார். நான் ஒன்றும் பேசாமல் எழும்பி வந்தேன், பஸ்ஸில் வரும்போதுதான் பதில் எல்லாம் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் உருப்பட்டது இவ்வளவுதான்: மாமாமார், சித்திமார் எல்லோரிடமும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சத்தியக் கடதாசி வாங்கினேன். கனடாவில் இருப்பவரிடம் தூதரகம் ஊடாக. சகோதரங்களுக்குள் கதை நல்லாக இருக்கிற காலத்தில் இதைச் செய்துவிடுங்கள், கலியாணம், சீதனம், செத்தவீட்டுச் சண்டை என்று ஏதாவது வந்தால் அந்தக் கையெழுத்து பிறகு கிடைக்காது. எல்லா இறப்புச் சான்றிதழையும் ஒரே கோப்பில் வைத்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கினேன், ஏனென்றால் ஆள் மாறினவுடன் 'அப்படி ஒரு கடிதம் வரவே இல்லையே' என்பார்கள், மூன்று தரம் சொன்னார்கள். நடமாடும் சேவை வைத்தபோதெல்லாம் போனேன், ஒரே இடத்தில் எல்லா உத்தியோகத்தர்களும் இருப்பதால் ஆறு மாத வேலை ஒரு பகலில் நகரும். போக்குவரத்து, சட்டத்தரணி, சத்தியக் கடதாசி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். 2022இல் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் பேதத்தை எடுத்தார்கள், அதற்குப் பிறகு எங்கள் கோப்பு வேகமாகப் போனது. உங்கள் தாய் தகப்பன் உயிரோடு இருந்து, பேர்மிட்டோ அளிப்புப் பத்திரமோ அவர்கள் பெயரில் இருந்தால், இந்த மாதமே பின்னுரித்தாளரைப் பதியச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும், பேசத்தான் வேண்டும். இறந்த பிறகு பதிய முடியாது.

அந்தப் பக்கத்துக் காணி அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நில அளவைக்காரர் வந்த அன்று எங்கள் எல்லைக்கல் எங்கே என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் நினைவில்லை. அவர்தான் நேராகப் போய் ஒரு விடத்தல் பற்றைக்குள் மண்ணைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'எங்க அப்பா நட்ட கல்லுதானே தங்கச்சி' என்றார். 1974 பஞ்சத்தில் தேயிலைத் தோட்டத்தில் சாப்பாடு இல்லாமல் மலையகத்திலிருந்து வந்து, எங்கள் மேட்டுக்காணி மிளகாய்க்குக் கூலிக்கு நின்ற குடும்பம் அது. பின் ஒரு ஏக்கரை வெட்டித் துப்புரவாக்கினது அவருடைய அப்பாவும் சித்தப்பாவும். மிளகாய் வீட்டுக்குக் கல் சுமந்ததும் அவர்கள்தான். எங்கள் வீட்டு வீரக் கதையில் அவர்கள் ஒரு இடத்திலும் வரவில்லை. அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன், 'ஓம் பிள்ளை, அவங்கள்தான் வெட்டினவங்கள்' என்றார், மிகச் சாதாரணமாக, நான் முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார் போல.

2023 ஆனியில் அம்மாவின் பெயரில் புதிய பேர்மிட் வந்தது. பின்னுரித்தாளர் இடத்தில் என் பெயரை அன்றைக்கே போடவைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் வடக்கு எல்லை 'அரச காடு' என்று இருந்தது. புதியதில் 'அரச காணி'. அந்த வடக்குப் பக்கத்தில்தான் அண்ணையின் வீடும், கிணறும், பதினெட்டுத் தென்னையும் நிற்கின்றன. அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, 'காடு காணியாகிட்டுது, பரவாயில்லை, அரைவாசி வந்திட்டம்' என்று சிரித்தார். இப்போது அவருடைய விண்ணப்பத்துக்கு, 1974 முதல் அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று அம்மா ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்திருக்கிறார். மற்றக் கடிதங்களை நான் எழுதுகிறேன், பதிவுத் தபாலில்தான் போகிறது, பிரதியில் முத்திரையோடு. இதுவரை நான்கு போயிருக்கின்றன.